ஒரே வாய், இரண்டு அளவு: கோஆக்சியல் இணைப்பிகள் பிரிந்த வரலாறு

ஒரு பி.என்.சி. இணைப்பியைக் கையில் எடுத்து அதன் வாய்க்குள் பார்த்தால் நடுவில் ஊசி தெரியும். ஊசியைச் சுற்றி வெள்ளை டெஃப்லான் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் 50 ஓம் மின்மறுப்பு கொண்ட வகை. அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தால் 75 ஓம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் ஒன்று தடையின்றிச் சேரவும் செய்யும். வானொலி, வீடியோ கருவிகளுக்கு இணைப்பி தேர்வதில் நேரும் பிழைகள் பலவற்றுக்கு இந்தச் சுலபமான சேர்க்கையே காரணம் என்று கருதுகிறேன். அதன் வேரைத் தேடினால் 1930களுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் ஆம்ஃபினால் நிறுவனத்தில் கிளார்க் குவாக்கன்புஷ் அப்போது வடிவமைத்தது யு.எச்.எஃப். இணைப்பி. ஹாம் வானொலிக்காரர்கள் பி.எல்.259 என்று சொல்வது இதன் ஆண் பகுதியைத்தான். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதெல்லாம் மிக உயர்ந்த அலைவெண்ணாகத் தெரிந்த காலம் அது. பெயரும் அப்படியே வந்தது. இதன் உட்புறம் மின்மறுப்பைச் சீராகக் காப்பதில்லை. 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 20 மீட்டருக்கும் அதிகம் என்பதால் சில சென்டிமீட்டர் கோளாறை அலை பொருட்படுத்தாது. 430 மெகாஹெர்ட்ஸில் பொருட்படுத்தும். இன்னொரு குறையும் உண்டு: மழைநீரைத் தடுக்க இதில் ரப்பர் வளையம் இல்லை. காப்பு நாடா சுற்றாமல் மொட்டைமாடியில் ஒரு மழைக்காலம் கிடந்ததைக் கழற்றிப் பார்த்தால், செம்புப் பின்னல் கறுத்துப் போயிருக்கும்.

மின்மறுப்பு என்பது உள்கம்பிக்கும் வெளியுறைக்கும் உள்ள விட்ட விகிதத்தையும் இடையிலிருக்கும் காப்புப் பொருளையும் பொறுத்தது. காற்றைக் காப்பாகக் கொண்ட வடத்தில் 30 ஓம் அளவில் மிகுதியான திறனைச் செலுத்தலாம். 77 ஓம் அளவில் இழப்பு மிகக் குறைவு. திறனை அனுப்பும் வானொலித் துறை இரண்டுக்கும் நடுவே 50இல் நின்றது. மெல்லிய சைகையை இழக்காமல் கொண்டுசேர்க்க வேண்டிய தொலைக்காட்சித் துறை 75ஐப் பற்றிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரேடார் தேவைகளின் சூழலில் பெல் ஆய்வகத்தின் பால் நீல், நெடுகிலும் 50 ஓம் குலையாத ‘என்’ வகையை உருவாக்கினார். திருகுமரை, நீர்த்தடை வளையம் இரண்டும் அதில் உண்டு. வெளிப்புற ஆண்டெனாவுக்கு இன்றும் நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. ஆம்ஃபினாலின் கார்ல் கான்செல்மன் ‘சி’ வகையைத் தந்தார். இவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளையும் தாங்கிய பி.என்.சி., கால் சுற்றில் பூட்டிக்கொள்வது. இதற்கு அடிப்படையான காப்புரிமைக்கு ஆக்டேவியோ சலாட்டி 1945இல் விண்ணப்பித்தார்; அது 1951இல் கிடைத்தது.

கேபிள் தொலைக்காட்சி தனிவழி போனது. 1950களில் ஜெரால்டு நிறுவனத்தின் எரிக் வின்ஸ்டன் உருவாக்கிய ‘எஃப்’ இணைப்பியில் தனி ஊசியே கிடையாது. வடத்தின் நடுக்கம்பியே ஊசி. நம் வீட்டு செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகுவது அதுதான். மலிவுக்காகச் செய்தது என்றாலும் மின்மறுப்பு கெடாத நல்ல வடிவமைப்பு. பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால் மட்டும் படம் போய்விடும்.

ஒளிபரப்பு நிலையங்களோ சட்டென்று மாட்டிக் கழற்றும் வசதிக்காக 50 ஓம் பி.என்.சி.யையே எடுத்துக்கொண்டன. 75 ஓம் வடத்தின் நுனியில் 50 ஓம் இணைப்பி ஏறியது இப்படித்தான். அனலாக் வீடியோவின் 5 மெகாஹெர்ட்ஸில், வடத்துக்குள் அலைநீளம் 40 மீட்டர் அளவு. மூன்று சென்டிமீட்டர் இணைப்பியின் பிழை படத்தில் தெரியவே இல்லை, பழக்கம் நிலைத்தது.

டிஜிட்டல் வீடியோவை வடத்தில் அனுப்பும் எஸ்.டி.ஐ. முறை வந்தபின் கணக்கு மாறியது. எச்.டி. சைகை நொடிக்கு 1.485 கிகாபிட். அதன் அடிப்படை அலைவெண் சுமார் 742 மெகாஹெர்ட்ஸ். மூன்றாம் மடங்கு 2.2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும். அங்கே வடத்துக்குள் அலைநீளம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். 50உம் 75உம் சந்திக்கும் எல்லையில் மின்னழுத்த அலையின் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிவிடும். அந்த எல்லை ஒன்றிரண்டு இருந்தால் தாங்கும். பேட்ச் பேனல், இடை இணைப்பு, கேமரா முனை எனப் பல சேரும்போது, நீண்ட வடத்தில் படம் புள்ளியிட்டு, பிறகு ஒரேயடியாக அறுந்துபோகும். அனலாக்கைப்போல் மெல்ல மங்கி எச்சரிப்பதில்லை. 12ஜி எஸ்.டி.ஐ.யில் அடிப்படை அலைவெண்ணே 6 கிகாஹெர்ட்ஸை நெருங்குகிறது. வடத்தின் மேலுறையில் 75 ஓம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குபவர், நுனியிலுள்ள பி.என்.சி.யின் வாய்க்குள்ளும் வெளிச்சம் காட்டிப் பார்த்துவிட வேண்டும்.