பட்டியலில் ஏறும் பெயர்

1998 ஆகஸ்டில் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபர் 15இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1267ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இத்தாக்குதல்களுக்காகக் குற்றம்சாட்டப்பட்ட அல்-கய்தா தலைவர் பின்லேடனை ஒப்படைக்க மறுத்த, ஆப்கானிஸ்தானின் தலிபான்களின் சொத்துகளை அது முடக்கியது. பின்னர் அந்தத் தடை அல்-கய்தாவோடு தொடர்புடையோர்மீதும், அவர்கள் எந்நாட்டில் இருந்தாலும், பாய்ந்தது.

இதை அமல்படுத்த ஐ.நா.விடம் தனிக் காவல்படை கிடையாது. தடையை நடைமுறையில் நிறைவேற்றுபவர் வங்கி ஊழியர்தான். தடைக்குள்ளானோரின் தொடக்ககால ஐ.நா. பட்டியலில் பல பெயர்களுக்குப் பிறந்த தேதிகூட இல்லை. ஓர் அரபுப் பெயரையே உரோமன் எழுத்தில் பலவிதமாக எழுதலாம். ஆகவே பெயர் ஒத்துப்போன அப்பாவியின் பணமும் நின்றது; குற்றவாளியின் பணம் வேறு எழுத்துக்கூட்டலில் நழுவிப் போகவும் வழியிருந்தது.

சவூதித் தொழிலதிபர் யாசின் காதியின் வழக்கு இதைவிட ஆழமான கேள்வியை எழுப்பியது. 2001 அக்டோபரில் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. ஆதாரம் என்னவென்று அவருக்கே சொல்லப்படவில்லை. தன் தரப்பை எடுத்துரைக்கும் உரிமை மீறப்பட்டதென 2008 செப்டம்பர் 3இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர்மீதான ஐரோப்பியத் தடையாணையை நீக்கியது. ஐ.நா. அவர் பெயரை எடுத்ததோ 2012இல்தான். பயங்கரவாதத்துக்குச் சலுகை காட்டிய தீர்ப்பு என்று இதைச் சொல்வோரை என்னால் ஏற்க முடியாது. நீதிமன்றத்தில் நிற்காத தடையை எந்த நாடும் நெடுநாள் காக்க முடியாது.

இந்த நெருக்கடியில் பிறந்ததே குறைகேள் அதிகாரி பதவி (2009, தீர்மானம் 1904). முதலில் பொறுப்பேற்றவர் கனடாவின் கிம்பர்லி பிராஸ்ட். பெயரை நீக்கலாம் என்று இவ்வதிகாரி பரிந்துரைத்தால், பட்டியலை நிர்வகிக்கும் பாதுகாப்பு அவைத் தடைக்குழுவின் 15 உறுப்பினரும் ஒருமனதாக மறுத்தாலோ விவகாரம் பாதுகாப்பு அவைக்கே போனாலோ ஒழிய, 60 நாளில் அது நடப்புக்கு வரும். 2011இல் வந்த விதி இது.

சேர்ப்பதிலோ நிலைமை தலைகீழ். குழுவின் ஓர் உறுப்பு நாடு தடுத்தாலும் பெயர் ஏறாது. இந்தியாவில் தாக்குதல்கள் நடத்திய பாகிஸ்தானிய அமைப்பான ஜெய்ஷ்-இ-முகமது 2001இலேயே பட்டியலில் இடம்பெற்றது. அதை நிறுவிய மசூத் அசாரின் பெயர் ஏற 2019 மே 1 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் சீனா பலமுறை முட்டுக்கட்டை போட்டது. அமைப்பு குற்றவாளி, தலைவர் குற்றவாளியல்ல என்ற நிலையை எந்த நியாயத்தாலும் காக்க இயலாது.

முட்டுக்கட்டை போடும் நாடு எழுத்தில் காரணம் சொல்லி அதை வெளியிட வேண்டும். 2011இல் தனியே பிரிக்கப்பட்ட தலிபான் பட்டியலுக்கும் குறைகேள் அதிகாரி வேண்டும். இவ்விரண்டையும் ஐ.நா.வில் இந்தியா விடாமல் வலியுறுத்த வேண்டும்.