முக்கிய விஷயங்களை யாரிடம் பேசினீர்கள்?

அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வில் 1985-இல் ஒரு கேள்வி இடம்பெற்றது. ஒருவரின் சமூக மூலதனத்தை அளக்க ஆய்வாளர்கள் இன்றும் அதை எடுத்தாள்கிறார்கள். கடந்த ஆறு மாதங்களில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யார் யாரிடம் பேசினீர்கள், முதற்பெயரோ முதலெழுத்தோ சொன்னால் போதும் என்பது அதன் சாரம்.

‘கடந்த ஆறு மாதங்களில்’: நினைவு தடுமாறாமல் இருக்கப் போட்ட வரம்பு. ஆனால், வருடக்கணக்கில் பேசாமல் இருந்தும் ஆபத்து என்றால் ஓடிவரும் நண்பர் இதற்குள் வரமாட்டார்.

‘முக்கியமான விஷயங்கள்’: எது முக்கியம் என்பதைப் பதில் சொல்பவரே முடிவுசெய்கிறார். அப்படி என்னதான் பேசினீர்கள் என்று சமூகவியலாளர்கள் பீட்டர் பியர்மனும் பாவ்லோ பரிகியும் கேட்டுப் பார்த்தார்கள். தலையில்லாத் தவளைகளைக் குளோனிங் செய்வதுகூடப் பதிலாக வந்தது. 2004-இல் வெளியான அவர்களது கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. யாரிடமும் பேசவில்லை என்றவர்களில் பலருக்கு ஆள் இல்லாமல் இல்லை, பேச விஷயம்தான் இல்லை. இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு. ஏனெனில், 1985-இல் சராசரியாக 2.94 பெயர்கள் சொன்ன அமெரிக்கர்கள் 2004-இல் 2.08 மட்டுமே சொன்னதாகக் கணக்கு வந்தபோது, நாடே தனிமையில் வாடுகிறது என்று பேசப்பட்டது. அந்தச் சரிவு கணக்கெடுப்பில் நேர்ந்த கோளாறாக இருக்கலாம் என்று 2009-இல் கிளாட் ஃபிஷர் வாதிட்டார். எண்ணை மட்டும் வைத்து ஒருவரைத் தனியர் என்று சொல்லிவிடக் கூடாது.

‘யார் யாரிடம்’: கேள்வியின் பெரிய குறை இங்கேதான். சமூகவியலாளர் நான் லின்னின் வரையறைப்படி, உறவுகளின் வழியே நம் கைக்கு எட்டும் வளங்களே சமூக மூலதனம். இக்கேள்வியோ ஆட்களை எண்ணுகிறது. அவர்களால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. பாஸ்டனை அடுத்த நியூட்டனில் மார்க் கிரானவெட்டர் ஆராய்ந்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினரே அந்த நபரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம். வேலை வாங்கித் தந்த அந்த அரைகுறைப் பழக்கக்காரரின் பெயரை இக்கேள்விக்கு யார் சொல்லப்போகிறார்கள்? லின்னும் மேரி டூமினும் 1986-இல் வேறு வழியில் போனார்கள்: தொழில்களின் பட்டியலைக் கொடுத்து, இந்த வேலையில் இருப்பவர் யாரையாவது தெரியுமா என்று கேட்பது. வளத்தை அளக்க இதுவே நேர்வழி என்பேன்.

‘முதலெழுத்து போதும்’: அடையாளம் மறைவதால் தயக்கம் குறைகிறது. அடுத்து, சொன்ன பெயர்களில் ஐந்து வரை எடுத்து, இவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமா என்று கேட்கிறார்கள். உறவு வலையின் நெருக்கம் தெரிவது இதிலிருந்துதான். எல்லோரும் எல்லோருக்கும் பழக்கம் என்றால், அங்கே நம்பிக்கையும் கண்காணிப்பும் வலுக்கும் என்பார் ஜேம்ஸ் கோல்மன். ரொனால்ட் பர்ட்டோ, ஒரே செய்தியே அந்த வலைக்குள் சுற்றிவரும் என்று அதன் மதிப்பைக் குறைப்பார்.