மெய்நிகர் கணினிகளில் செக்டர் அளவு முரண்பாடு

செக்டர் அளவு முரண்பாடு என்பது, மெய்நிகர் கணினியின் வட்டு எந்தச் செக்டர் அளவில் வகுக்கப்பட்டதோ, அதிலிருந்து வேறான அளவைப் புதிய சேமிப்பகம் காட்டும் நிலை. வட்டுப் படிமத்தை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மாற்றும்போதே இது பெரும்பாலும் தலைகாட்டும்.

பின்னணி

வன்தட்டுகளின் செக்டர், அதாவது ஒரே தடவையில் படித்து எழுதும் மிகச் சிறு அலகு, நெடுங்காலம் 512 பைட்டாக இருந்தது. 2010-ஐ ஒட்டி, ‘அட்வான்ஸ்டு ஃபார்மட்’ என்ற பெயரில் 4,096 பைட் செக்டர் புழக்கத்துக்கு வந்தது. எட்டுச் சிறு செக்டர்களுக்குப் பதில் ஒரே செக்டருக்குப் பிழைதிருத்தத் தகவல் போதுமென்பதால் இடம் மிச்சமானது. உள்ளே 4,096 வைத்துக்கொண்டு வெளியே 512 காட்டுபவை ‘512இ’ வட்டுகள். இரண்டிலும் 4,096 உடையவை ‘4கேஎன்’ வட்டுகள்.

திண்மநிலை வட்டான எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது; செக்டர் என்பது கன்ட்ரோலர் கணினிக்குக் காட்டும் கணக்கு மட்டுமே. நிறுவனப் பயன்பாட்டுக்கான என்விஎம்இ எஸ்எஸ்டிகள் பலவற்றில் 512, 4,096 ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

விளைவுகள்

ஜிபிடி பகிர்வு அட்டவணையின் தலைப்பு செக்டர் எண் 1-இல் இருக்கும். 512 கணக்கில் அது 512-ஆவது பைட். 4,096 கணக்கில் 4,096-ஆவது பைட். அளவு மாறினால் இயங்குதளம் தவறான இடத்தில் தேடி, வட்டு காலி என்று அறிவிக்கும். தரவு அழியவில்லை, முகவரிக் கணக்குதான் பிசகியது. அந்நேரத்தில் வட்டைப் புதிதாக வகுப்பதே உண்மையான இழப்பில் முடியும்.

512இ வட்டில் பகிர்வின் தொடக்கம் 4,096-இன் மடங்காக இல்லாவிட்டால், சிறு எழுதுதலுக்கும் முழுச் செக்டரைப் படித்துத் திருத்தி எழுத வேண்டிவரும், வேகம் குறையும். 63-ஆவது செக்டரில் தொடங்கும் பழைய பகிர்வுகள் இதற்கு எடுத்துக்காட்டு.

கையாளும் முறைகள்

கியூஇஎம்யு மெய்நிகராக்க மென்பொருளில் மெய்நிகர் வட்டின் தருக்க, பருநிலைச் செக்டர் அளவுகளைத் தனித்தனியே அமைக்கலாம். பழைய அளவையே காட்டுவது எளிய தீர்வு. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ 6.7 பதிப்பு, 4கேஎன் வன்தட்டுகளை மெய்நிகர் கணினிக்கு 512 ஆகவே காட்டுகிறது. ஹைப்பர்-வி-யின் விஎச்டிஎக்ஸ் வட்டுக் கோப்பு வடிவம் இரு அளவுகளையும் ஏற்கும்.

லினக்ஸில் படிமத்தைப் பழைய செக்டர் அளவுடன் லூப் சாதனமாக இணைத்துக் கோப்புகளைப் படிக்கலாம். அளவை நிலையாக மாற்ற, புதிய வட்டை வகுத்துக் கோப்புகளாக நகலெடுப்பதே பாதுகாப்பு. பகிர்வு அட்டவணையைத் திருத்தினால் மட்டும் போதாது: என்டிஎஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஆகியவை செக்டர் அளவைத் தமக்குள்ளும் பதித்து வைத்திருக்கும். என்விஎம்இ வட்டின் அளவை மாற்றும் கட்டளை அதிலுள்ள அனைத்தையும் அழிக்கும் என்பதால், காப்புநகல் எடுத்த பிறகே அதை இயக்க வேண்டும்.