பிறர் பட்ட கடன்: ஊவாத் தோட்டங்களும் துண்டு முறையும்

ஊவாவின் பெருந்தோட்ட வரலாற்றை எழுதியோர் கோப்பியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும், தேயிலையின் வருகையையும், இருப்புப்பாதையின் நீட்சியையும் விரித்துரைத்துள்ளனர். அத்தோட்டங்களை நடத்திய பணம் எவர் கடனாக வந்து எவர் தலையில் இறங்கிற்று என்ற வினாவுக்கு அவர்கள் அளித்த இடம் சிறிது. எல்ல, பண்டாரவளை, பதுளை, மடுல்சீமைப் பகுதிகளில் உழைத்த தமிழ்த் தொழிலாளி தான் வாங்காத கடனுக்குப் பிணையாக நின்றான் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நிலத்தின்மீது ஏறியிருந்த கடனை நோக்குவோம். கோப்பித் தோட்டங்கள் பல ஈடுவைத்துப் பெற்ற பணத்திலேயே நடந்தன. 1869-இல் கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இடம் மடுல்சீமை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் விளைச்சல் குன்றக் குன்ற, துரைமார் பட்ட கடனுக்குத் தோட்டங்கள் கைமாறின. ஈடு பிடித்தவன் நிலத்தை எடுத்துக்கொண்டான். மாதக்கணக்கில் கூலி பெறாதிருந்த தொழிலாளி வெறுங்கையுடன் நின்றான். 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்ததோடு இந்நிலை அரசு கண்மூட முடியாத அளவுக்கு முற்றியது. அவ்வாண்டின் 16-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் கூலியைத் தோட்டத்தின்மீதான முதற்பொறுப்பாக ஆக்கிற்று. அதுவரை அவனது வியர்வை துரையின் ஈட்டுக்கடனுக்குப் பின்னரே எண்ணப்பட்டது என்பதற்கு இச்சட்டத்தினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அதே பத்தாண்டில் வலப்பனையிலும் ஊவாவின் உடுகிந்தையிலும் சிங்களக் குடியானவர் நெல்வரி நிலுவைக்காகத் தம் வயல்களை இழந்துகொண்டிருந்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது; அவ்வரி 1892-இல் நீக்கப்பட்டது. அவர்கள் இழந்தது தம் நிலத்தை. தமிழ்த் தொழிலாளிக்கோ இழப்பதற்கு நிலமே இல்லை. பிறர் நிலத்தின் கடனே அவனைத் தேடி வந்தது.

1884-ஆம் ஆண்டுச் சட்டம் கூலியைக் காத்தது, கூலிக்காரனைக் காக்கவில்லை. அவனைப் பிணித்த கயிறு வேறு. அதற்குத் 'துண்டு' என்று பெயர்.

தோட்டம் பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். கங்காணி கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுப்பான். அப்பணத்தில் தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் சேர்த்து, வழிச்செலவும் அரிசியும் கொடுத்து அழைத்து வருவான். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, பின்னர் மலையேறி ஊவாவை அடைவோர்க்கு வழி நெடிது, செலவும் மிகுதி. பண்டாரவளைக்குப் புகைவண்டி வந்தது 1894-இல்தான். இச்செலவெல்லாம் கங்காணியின் குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் பற்றாக ஏறும். அக்குறிப்பேட்டை எழுத்தறியாத தொழிலாளி எங்ஙனம் சரிபார்ப்பான்?

கங்காணி தன் கூட்டத்துடன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இத்தனை பேரை இவ்வளவு பணம் பெற்றுக்கொண்டு விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். புதிய துரை அத்தொகையைப் பழைய தோட்டத்திற்குச் செலுத்துவார்; கங்காணிக்கும் மேற்கொண்டு முன்பணம் தருவார். ஆட்பஞ்சம் மிக்க காலங்களில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட, துண்டின் தொகை தோட்டத்துக்குத் தோட்டம் ஏறிற்று. ஏறிய தொகையில் தொழிலாளி கண்டது ஒரு சதமும் இல்லாதிருக்கலாம். ஆயினும் அது அவன் தலைக்கு விலையாக நின்றது. சில பெரிய கங்காணிகள் தம் சொந்த ஊரில் காணி வாங்கியதும் இம்முறையின் செழிப்பிலேதான்.

முப்பது பேருக்கு 1,500 ரூபா என ஒரு துண்டு எழுதப்பட்டதாகக் கொள்வோம். தலைக்கு 50 ரூபா. ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 33 சதமாயிருந்த காலத்தில் அது 150 நாட் கூலிக்கு மேல். அதுவும் உண்ணாமல் உடுக்காமல் இருந்தால். இறந்தவன் கடன் மனைவி மக்கள்மீது விழும். ஓடிப்போனவன் கடன் உறவினர்மீது சாரும். கங்காணியும் கடன்பட்டவனே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவனுக்குத் தலைக்காசு உண்டு. தன் இழப்பை இறக்கிவைக்கக் கீழே ஆட்கள் உண்டு. கீழே இருந்தவனுக்கு அடுத்த படி இல்லை.

சட்டப்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து அவன் விலகலாம். நடைமுறையிலோ துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காது. அறிவித்தலின்றி நீங்கினால் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி சிறை. கடனுக்காக எவரையும் சிறையிடவில்லை என்று துரைமார் கூறியது சொல்லளவில் மெய்யாகலாம். கடன் கதவைப் பூட்டிற்று, கதவைத் திறந்தவனைச் சட்டம் பிடித்தது.

இந்திய அரசு அனுப்பிய மார்ஜொரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகியோரின் 1917-ஆம் ஆண்டு அறிக்கை தொழிலாளரின் கடன்சுமையைப் பெருங்குறையாகச் சுட்டியது. 1919-இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தைத் தொடங்கி, குற்றத்தண்டனை முறையை ஒழிக்கப் போராடினார். 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் எழுந்ததும் அக்காலத்திலேயே. அதனைக் காண இன்று உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர்.

துண்டு போனபின் வேலையினின்று விடுவிக்கும் சீட்டு அதனிடத்தில் நிலைத்தது. மலையக மக்கள் அதனைப் பற்றுச்சீட்டு என்றனர். பேச்சில் அது 'பத்துச்சீட்டு'. துரை அதைக் கொடுத்துவிட்டார் என்றால், லயத்தைக் காலிசெய்து குடும்பத்தோடு வெளியேற வேண்டும் என்பது பொருள்.