இறைசாலும் கடவுச்சீட்டும்

தேசவழமை நமக்குரிய சட்டமல்ல என்ற எண்ணத்தில் நெடுங்காலம் அதைப் புரட்டிப் பாராமலே இருந்தவன் நான். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவனுக்கு அது அயல்வீட்டாரின் காணிப் பிணக்கு, அவ்வளவே. 1990 ஒக்டோபரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த நாட்களில் காணி, உறுதி பற்றிய கவலை அதிகம். அந்தக் கவலையோடு வாசிக்கப் போய், அடிமைகள் பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 12 முதலிமார் பார்த்துச் சரியென்று சொன்ன நூல் அது. சீதனம், முதுசம், ஈடு ஆகியவற்றோடு அடிமைகளும் அதிலே வருகிறார்கள். ஓர் எசமானின் அடிமை வேறோர் எசமானின் அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானைச் சேரும். மாடு கன்றுக்குச் சொல்லும் கணக்குத்தான்.

அடிமைகள் எல்லோரும் இந்த மண்ணிலே பிறந்தவர்களுமல்லர். 1694 முதல் 1696 வரை, தஞ்சைப் பக்கம் போரும் பஞ்சமும் வாட்டியபோது, 3,500க்கும் அதிகமானோர் கடல் கடத்திக் கொண்டுவந்து விற்கப்பட்டார்கள். கும்பனி அதைத் தடுக்கவில்லை. தலைக்கு இவ்வளவென்று தீர்வை வாங்கியது. சட்டத்துக்குப் புறம்பாக நடந்த கடத்தலல்ல இது, சட்டமே கணக்கெழுதிய கடத்தல்.

ஆங்கிலேயர் 1806இல் தேசவழமையை முழுமையாக ஏற்றார்கள். முஹம்மதிய சட்டக் கோவையும் அதே ஆண்டில்தான் வந்தது. 1821இல் அரசாங்கம் ஒரு வழி கண்டது: அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை எசமானுக்குச் சில இறைசால் கொடுத்து மீட்பது. அடிமைத்தனம் தாய்வழி போவதால் பெண்ணை மீட்டால் சங்கிலி அறுந்துபோகும் என்பது யோசனை. புத்திசாலித்தனம்தான், ஆனால் இழப்பீடு பெற்றவர் எசமான். 1844இன் 20ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அடிமைமுறை ஒழிந்தது.

நம் காலத்துச் சட்டங்களுக்கு வருகிறேன். சார்க் நாடுகள் 2002 ஜனவரியில் காத்மண்டுவில் ஆட்கடத்தலுக்கெதிரான உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இலங்கை அதற்காக 2005இல் 30ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. பெண்களையும் சிறுவரையும் விபசாரத்துக்குக் கடத்துவதே அந்த உடன்படிக்கையின் பொருள். வீட்டு வேலைக்கென்று ஏமாற்றி அனுப்பப்படுகிறவள் அதற்குள் அடங்கமாட்டாள். கட்டாய உழைப்பையும் கடன் கொத்தடிமையையும் சேர்த்துத் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது 2006இல்தான். ஐ.நா. நெறிமுறையை 2000இலேயே ஒப்பமிட்ட நாடு, அதை உறுதிப்படுத்த 2015 வரை எடுத்தது.

மூதூர் ரிஸானா நபீக் சவூதிக்குப் போனது 2005இல். 1988இல் பிறந்த பிள்ளை, கடவுச்சீட்டில் 1982. அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பச்சைக் குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று நிறைவேற்றப்பட்டது. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. எங்கள் முகாம்களிலிருந்தும் அதே வழியாக எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள்; என் சாச்சியின் மகளும் போனாள், திரும்பி வந்தாள்.

ரிஸானாவை அனுப்பிய முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் ஈராண்டுச் சிறை விதித்தது. குற்றம், பயண ஆவணங்களைப் பொய்யாகத் தயாரித்தமை.