துரையின் கண்ணாடியும் தோட்டத்துப் பறவைகளும்

பைனாகுலர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான். கோலசிலாங்கூர் வட்டாரத்தின் நூறாண்டுப் பறவை வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பெரிய இடம் கிடையாது. பெரிதாகக் காட்டும் கருவி எப்போதோ வந்துவிட்டது. பறவை பார்ப்பது பரவியதோ, கருவியின் விலை மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகி, அதன் எடையும் கழுத்து தாங்கும் அளவுக்கு இறங்கிய பிறகுதான். நடுத்தர விலையில் கையடக்கமாகக் கிடைக்கும் பைனாகுலரை, பணம் இல்லாதவர் செய்துகொள்ளும் சமரசம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது அந்த வரலாற்றின் விளைச்சலாகவே படுகிறது.

சிலாங்கூர் மாநிலத்தின் பறவையியல் துப்பாக்கியில் தொடங்கியது. 1903இல் சிலாங்கூர் அரும்பொருளகத்தின் பொறுப்பை ஏற்ற ஹெர்பர்ட் ராபின்சன் காலத்தில், ஒரு பறவையை அறிவது என்றால் அதைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி இழுப்பறையில் வைப்பது. அவர் தொடங்கிய மலாய்த் தீபகற்பப் பறவைகள் பற்றிய பெருநூலின் முதல் தொகுதி 1927இல் வந்தது. கையில் கிடக்கும் உடலை அளக்கத் தெரிந்தவருக்கான அறிவு அது. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையின் சிறகை மில்லிமீட்டரில் அளக்க யாரால் முடியும்? இத்தனைக்கும் அப்போது கண்ணாடி இல்லாமல் இல்லை. நாடகக் கொட்டகையில் பயன்படும் சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டே பறவை பார்க்கலாம் என்று அமெரிக்காவில் புளோரன்ஸ் மெரியம் 1889இலேயே ஒரு நூல் எழுதிவிட்டார். மூன்று நான்கு மடங்குதான் பெரிதாக்கும், ஆனால் பைக்குள் அடங்கும். இத்தாலியர் இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பை எர்ன்ஸ்ட் அபே செம்மைப்படுத்த, 1894இல் கார்ல் செய்ஸ் நிறுவனம் பட்டக பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுங்கள் என்று இங்கிலாந்தில் எட்மண்ட் செலூஸ் 1901இல் வாதாடினார்.

ஆகவே கருவியும் இருந்தது, கருத்தும் இருந்தது. வடசிலாங்கூரில் அவை யார் கைக்கு எட்டின என்பதுதான் விஷயம். நாவலாசிரியராகவும் பின்னாளில் பெயர் பெற்ற பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது.  அந்தக் காலத் தோட்டங்களில் துரை, கிராணி, கங்காணி, அதற்குக் கீழே லயத்து ஜனம் என்று படிக்கட்டு இருந்தது. 1920களின் கடைசியில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கு, பிறகு மரம் வெட்டும் நிரை, பிறகு ரப்பர்ப் பால் எடை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் செய்ஸ் கண்ணாடி துரையின் பங்களா வராந்தாவைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. அது எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் இந்த மண்ணின் பறவைக் கணக்கில் அதனால் பெரிதாக எதுவும் சேரவில்லை என்பேன்.

மாற்றம் மூன்று திசைகளிலிருந்து வந்தது. மலாயா இயற்கைச் சங்கம் 1940இல் தொடங்கியது. இரண்டாவது, நூல்கள். இரண்டாம் உலகப்போரின்போது சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த காவல் அதிகாரி கை மடோக் அங்கேயே ஒரு பறவை நூலை எழுதினார். போருக்குப் பின் 1947இல் அந்தச் சங்கம் அதை அச்சிட்டது.  உயிரோடு இருக்கும் பறவையை நிறத்தாலும் குரலாலும் நடையாலும் அறிய உதவும் நூல்கள் அதன் பிறகு தொடர்ந்து வந்தன, 1975இல் தென்கிழக்காசியாவின் பெருநிலப் பகுதிக்கு ஒரே கையேடு கிடைத்தது. மூன்றாவது, ஜப்பான். போரில் தோற்ற நாடு, டோக்கியோவின் இத்தாபாஷி பகுதிச் சிறு பட்டறைகளில் பைனாகுலர் செய்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்தது. சோதனையில் தேறியதைச் சொல்லும் சிறிய பொன்னிற ஒட்டுச்சீட்டு இன்றும் பழைய கண்ணாடிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஐரோப்பியக் கண்ணாடிக்கும் ஏழையின் வெறுங்கண்ணுக்கும் இடையே ஒரு நடுத்தர விலை பிறந்தது அப்போதுதான். நூல், சங்கம், விலை மூன்றும் கூடியதன் பலனை 1987இல் பார்க்கிறோம். கோல்ஃப் திடலுக்குப் போகவிருந்த கடலோர நிலம், இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவாயிற்று. அங்கே இன்னின்ன பறவைகள் வருகின்றன என்று சொல்ல ஆளும் பட்டியலும் இல்லாமல் அப்படி வாதாடியிருக்க முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. தோட்டத்து மக்களுக்குப் பறவையை அறியக் கண்ணாடி எதற்கு? செம்போத்து எந்தப் புதரில் பதுங்கும், மைனா எந்த மரத்தில் அடையும் என்பது லயத்துப் பிள்ளைக்குத் தெரியும். அபசகுனம் என்று பெரியவர்கள் சொல்லிவந்த கூகைக்குப் பிற்காலத்தில் செம்பனைத் தோட்டங்களே பெட்டி கட்டிக் கொடுத்தன, எலியைப் பிடிக்கிறது என்பதற்காக. இந்த அறிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது பக்கத்தில் இருக்கும் பறவையைப் பற்றிய அறிவு. கோலசிலாங்கூரின் தனிச் சொத்து அலை வற்றிய சேற்றுவெளி. வடக்கே சைபீரியப் பக்கமிருந்து வரும் பவளக்காலியும் உள்ளான்களும் கரையிலிருந்து பார்த்தால் வெறும் பழுப்புப் புள்ளிகள். அவற்றை இனம் பிரித்து எண்ணினால்தான் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இடம்பெறும். ‘நிறைய வந்தது’ என்று சொல்லி எந்தக் கரையையும் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் பெரிய கண்ணாடிதானே வேண்டும் என்பது அடுத்த கேள்வி. சேற்றுவெளியின் தூரத்துக்கு எந்தக் கைக்கண்ணாடியும் முழுதாகப் போதாது. முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி ஒரு குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். ஆளுக்கொன்றாகத் தேவைப்படுவது பூங்காவின் கரைப்பாதையிலும் கண்டல் நிழலிலும் உதவும் கருவி. சதுப்புநிலப் பிட்டா தரையோடு தரையாகத் தத்தும் அந்த அரையிருட்டில் ஒளிதான் முக்கியம். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்க அளவால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×25 பைக்கண்ணாடியில் (முதல் எண் பெருக்கம், அடுத்தது விட்டம்) 3.1 மில்லிமீட்டர், 8×32இல் 4, 8×42இல் 5.25, அதே பைக்கண்ணாடி 10×25 ஆனால் 2.5 மட்டுமே. வயது ஏற ஏறக் கண்மணி விரிவதும் குறைவதால் நடுவயதைக் கடந்தவருக்கு 4 தாராளம். பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். ஆகவே இந்த ஊருக்கு 8×32. அரைக் கிலோவைச் சற்றே தாண்டும், மதியம் வரை கழுத்தில் கிடந்தாலும் வலிக்காது. சட்டைப் பைக்குள் போகும் 8×25 பகல் வெளிச்சத்துக்கும் பயணத்துக்கும் சரி, கண்டலுக்குள் திணறும்.

விலையுயர்ந்த கண்ணாடி ஆயுள் முழுக்க உழைக்குமே என்பார்கள். ஐரோப்பிய அலமாரியில் அது உண்மை. இங்கே காற்றின் ஈரம் வில்லைக்குள் பூஞ்சையை வளர்க்கும். பெயரைப் பார்த்து அது விலகிப் போவதில்லை. நைட்ரஜன் நிரப்பி அடைத்த உடல் அதைத் தடுக்கிறது, அந்த வசதி இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. நேர்க்குழாய் வடிவச் சிறு கண்ணாடிகளில் படம் மங்கும் குறையைப் போக்க 1988இல் செய்ஸ் கொண்டுவந்த பட்டகப் பூச்சும், உற்பத்தி சீனாவுக்கு நகர்ந்த பிறகு, நடுத்தரக் கண்ணாடிகளுக்கு இறங்கிவிட்டது. அதற்குமேல் கொடுக்கும் பணத்துக்கு விளிம்புத் தெளிவும் பெயரும் கிடைக்கும். கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும்.

மூக்குக்கண்ணாடி அணிபவரானால், கண்தொலைவு (கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே வேண்டிய தூரம்) 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். வாங்கியதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு துரை வைத்திருந்த கண்ணாடிக்கு ஆகும் பணத்தில் நடுத்தரக் கண்ணாடிகள் பல வாங்கலாம். அப்படி வாங்கி, வரும் ஜனவரிக் கணக்கெடுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.