மொந்தேவெர்ஜினே: மலைப்பாதையிலிருந்து மேடைக்கு வந்த பாட்டு

தென் இத்தாலியின் கம்பானியா மாநிலத்தில், அவெல்லினோ நகருக்கு மேலே பார்தேனியோ மலைச்சரிவில் ஓஸ்பெதலேத்தோ தால்பினோலோ என்ற சிற்றூர் இருக்கிறது. மொந்தேவெர்ஜினே மாதா கோவிலுக்கு ஏறிச் செல்வோர் தங்கிய சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஊர். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். செப்டம்பரில் இங்கே நாட்டுப்புற இசை விழா நடக்கிறது. அதற்கு 'யூத்தா' என்று பெயர். நேப்பிள்ஸ் வட்டார வழக்கில் 'போதல்', அதாவது மலைக்குப் போதல். சதுக்கத்தில் மேடை, ஒலிபெருக்கி, கொட்டைகள் சேர்த்த தொர்ரோனே மிட்டாய்க் கடைகள், நூலில் கோத்த கொட்டை மாலைகள். யாத்திரையும் தொடர்கிறது, இசையும் தொடர்கிறது. ஆனால் இசை ஒலிக்கும் இடம் மாறிவிட்டது. அந்த இடமாற்றமே இவ்விழாவின் வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைப் பற்றி எழுதுவோர் பலரும் பண்டைய ரோமர்கள் வணங்கிய தாய்த்தெய்வமான சிபெலேயிலிருந்து தொடங்குவார்கள். மலையுச்சியில் அவளுக்குக் கோவில் இருந்தது, அவளுடைய பூசாரிகள் ஆண்மை நீக்கிக்கொண்டு தப்படித்து ஆடினார்கள், இன்றைய யாத்திரை ஆட்டம் அதன் நேர் வாரிசு என்பது கதை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இடையில் கிடக்கும் பல நூற்றாண்டுகளை இட்டு நிரப்பச் சான்று வேண்டுமே. உறுதியாகப் பேசக்கூடிய காலம் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்குகிறது. வெர்செல்லியைச் சேர்ந்த துறவி குல்யெல்மோ (புனித வில்லியம்) அப்போதுதான் இம்மலையில் மடம் அமைத்தார். மக்கள் 'மம்மா ஸ்க்யவோனா' என்று அழைக்கும் கரிய முகத்து மாதாவின் பெரும்பலகை ஓவியம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. மொந்தானோ த'அரெத்ஸோ என்ற ஓவியர் வரைந்ததாகக் கருதப்படுகிறது.

இந்தக் காலக்கணக்கு முக்கியம். 1256ஆம் ஆண்டு, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு இளைஞர்களை ஊரார் அடித்துத் துரத்தி, பனியில் மரத்தோடு கட்டிவைத்தார்கள் என்றும், மாதா ஒளிக்கதிர் அனுப்பி அவர்களைக் காப்பாற்றினாள் என்றும் ஒரு கதை உண்டு. நேப்பிள்ஸின் 'ஃபெம்மினியெல்லி' சமூகத்தார், அதாவது ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழும் மரபுடையோர், பிப்ரவரி 2ஆம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளன்று மலையேறுவதற்கு இக்கதையையே காரணமாகச் சொல்கிறார்கள். கதை குறிக்கும் ஆண்டில் இன்றைய ஓவியம் வரையப்படவே இல்லை. அதற்கு முந்தைய மாதா படம் ஒன்று மடத்தில் உண்டுதான்; ஆனால் கதையோடு இன்று சேர்த்துச் சொல்லப்படுவது மம்மா ஸ்க்யவோனாவே. ஆகவே 1256 என்பதை ஒரு நிகழ்ச்சியின் தேதியாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு சமூகம் தன் உரிமைக்கு இட்டுக்கொண்ட முத்திரையாகப் படிப்பதே பொருத்தம்.

மடத்துக்கும் யாத்திரிகர்களின் கொண்டாட்டத்துக்கும் இடையிலான உரசல் 17ஆம் நூற்றாண்டு நாளாகமங்களிலேயே தெரிகிறது. இம்மலைக்கு இறைச்சி, முட்டை, பால்பொருள் எதையும் கொண்டுவரக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. 1611இல் பெந்தெகொஸ்தே விழாவின்போது யாத்திரிகர் விடுதி தீப்பற்றிப் பல நூறு பேர் மாண்டார்கள். கட்டுப்பாட்டை மீறியதற்கும் ஒழுங்கீனத்துக்கும் கிடைத்த தண்டனை அது என்று துறவியரின் எழுத்து விளக்கம் சொன்னது. கண்டிப்பவர் எழுதியதால்தான் கண்டிக்கப்பட்டது நமக்குத் தெரிகிறது. நாட்டுப்புற வழக்காறுகளின் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்.

இனி இசைக்கு வருவோம். தம்மோரா என்பது வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்து, விளிம்பில் தகரச் சில்லுகள் பொருத்திய பறை. பெரிய கஞ்சிரா எனலாம். தகர டப்பாவை வெட்டி மடக்கியே சில்லு செய்துவிடுவார்கள். இரட்டைப்படைத் தாளம், கையில் கட்டைகளைத் தட்டியபடி இருவர் இருவராக ஆடுவார்கள். பாடுபவர் பதினோரு அசை கொண்ட அடிகளை நினைவிலிருந்து எடுத்து அந்த இடத்திலேயே கோப்பார். நடுநடுவே குறும்பான சிறு அடிகளைச் செருகுவார். எனவே ஒரே பாட்டு இருமுறை ஒரே மாதிரி வராது. எவ்வளவு நேரம் நீளும் என்பதை ஆடுபவரின் காலும் பாடுபவரின் தொண்டையுமே முடிவு செய்யும். தாளக்கருவி இல்லாமல் பாடும் 'கான்தோ அ ஃபில்யோலா' என்ற இன்னொரு வகையும் உண்டு. ஒருவர் குரலை உயர்த்தி நீட்டி இழுக்க, குழு அந்த முடிவைப் பிடித்துக்கொள்ளும். கோவில் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் உரியது இது. அப்படிகளை முழங்காலிட்டு ஏறுவோர் உண்டு. திரும்பும்போது மாதாவுக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து, பாடியே விடைபெறுவார்கள்.

இப்பாட்டுகள் எல்லாம் பாதையின் நீளத்துக்கு ஏற்ப வளர்ந்தவை. நேப்பிள்ஸிலிருந்தும் வெசூவியஸ் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் நடந்தும் அலங்கரித்த வண்டிகளிலும் வந்தார்கள், இரவு தங்கினார்கள். வழியில் பாட நேரம் இருந்தது. 1926இல் மெர்கோல்யானோவிலிருந்து கோவிலுக்குக் கம்பி இழுவை ரயில் வந்தது. நாள்பொழுதை விழுங்கிய ஏற்றம் நிமிடக் கணக்காகச் சுருங்கியது. சாலையும் பேருந்தும் மீதியைச் செய்தன. 1961இல் புதிய பெரிய பசிலிக்கா எழுந்தபோது கூட்டத்துக்கு இடம் கிடைத்தது. பாதைப் பாட்டுக்குப் பாதைதான் குறைந்திருந்தது. மரபு தேய்ந்ததற்குத் தொலைக்காட்சியைக் குற்றம் சொல்வது வழக்கம். என் கணிப்பில் போக்குவரத்தின் பங்கே பெரிது.

மறுமலர்ச்சி நகரத்திலிருந்து வந்தது. 1967இல் நேப்பிள்ஸில் 'நுவோவா கோம்பன்யீயா தி கான்தோ போபொலாரே' குழு உருவானது. அதை வழிநடத்திய இசையறிஞர் ரொபேர்தோ தெ சிமோனே 1974இல் கம்பானியாவின் மக்கள் விழாக்களைப் பற்றி 'கி எ தெவோத்தோ' என்ற நூலை வெளியிட்டார். 1979இல் களப்பதிவுகளை இசைத்தட்டுத் தொகுப்பாகக் கொண்டுவந்தார். அதே 1970களில் பொமில்யானோ த'ஆர்கோவின் கார் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்ட 'எ ஸெத்ஸி' குழு தம்மோராவைப் போராட்ட மேடைக்கு எடுத்துச் சென்றது. அக்குழுவில் பாடிய மார்சேல்லோ கோலசுர்தோ, 2023இல் இறக்கும்வரை, மொந்தேவெர்ஜினே வாசலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர். இசைத்தட்டில் கேட்டுப் பயின்ற தலைமுறை மலைக்குத் திரும்பியபோது, பக்தி, அரசியல், பண்பாட்டுப் பெருமை மூன்றும் கலந்தே வந்தன.

2002 பிப்ரவரி 2 அன்று, கோவிலில் பாடி ஆடிய ஃபெம்மினியெல்லி யாத்திரிகர்களை அப்போதைய மடாதிபதி கண்டித்து வெளியேறச் சொன்னார். விளைவு நேர்மாறானது. அடுத்து வந்த ஆண்டுகளில், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான விளாதிமிர் லுக்ஸூரியா உள்ளிட்டோர் வந்து சேர, குளிர்கால யாத்திரை நாடறிந்த நிகழ்ச்சியாயிற்று. கோவில் முற்றத்தில் தம்மோராவின் ஒலி இன்னும் ஓங்கியது.

செப்டம்பர் மேடையை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். சதுக்கத்தில் மடாதிபதியின் அனுமதி தேவையில்லை, பனியும் இல்லை, கடைக்காரருக்கும் வருமானம். ஆனால் தம்மோரா வட்டத்துக்கான கருவி: பாடுபவர், அடிப்பவர், ஆடுபவர் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றால்தான் அடுத்த அடி எப்போது என்பது தெரியும். மேடையில் மூவரும் கூட்டத்தைப் பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். நிகழ்ச்சி நிரல் நேரத்தை அளந்து கொடுக்கிறது. இடைச்செருகல் அடிகள் குறைந்து, எல்லாருக்கும் தெரிந்த அடிகளே மறுபடி மறுபடி வருகின்றன. ஆயினும் மேடைக்குக் கீழே ஆடும் இளைஞர்களில் பலர் இப்பாட்டை முதலில் கேட்டதே இத்தகைய மேடைகளில்தான் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அவர்களில் சிலராவது பிப்ரவரியில் தோல்பறையைத் தூக்கிக்கொண்டு, ஈரத்தில் தளர்ந்த தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றி, கோவில் படிக்கட்டில் வட்டம் கட்டி நிற்கிறார்கள்.